மறுக்கவில்லை, மறுத்தார்

எங்கள் சலவை ஆலையில் என் அண்ணிக்கு ‘டிக்‌ஷனரி’ என்று பெயர். வைத்தது நான் இல்லை. நான் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் காரமாக வைத்திருப்பேன். நாத்தனார் வைக்கிற பெயருக்கென்று ஒரு தரம் இருக்கிறது.

ஆலை என்றால் பெரிய ஆலை. ஏழு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வரும். நடுவில் ஒரு நீளச் சுவர். அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். துவைக்கும் இயந்திரங்கள் சுவரிலேயே பதிந்திருக்கும். அந்தப் பக்கக் கதவில் போட்டதை இந்தப் பக்கக் கதவில் எடுப்போம். நான் சுத்தப் பக்கம். விரிப்புகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, சீட்டு ஒட்டி, வண்டிக்கு அனுப்புகிறவள். அண்ணி மாடியில். கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து, கீழே நடப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவது அவர் வேலை. தலைமை அலுவலகம் வெகு தூரத்தில் இருந்தது. அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இங்கே எந்த மோட்டார் படுத்துவிட்டது, யாருக்கு எத்தனை நாள் லீவு, யார் யாரோடு மல்லுக்கு நின்றார் என்பதெல்லாம் அண்ணியின் விரல் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

அவர் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அதன் பிறகு டைப்ரைட்டிங் வகுப்பு. ஆங்கிலம் தானாகச் சேர்த்தது. ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரு ஆங்கிலச் சொல், பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நகைப்பெட்டியைத் தூக்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னமோ புதையல் என்று நினைத்து நான் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ‘அடம், அடக்கம், அடமானம்’ என்று இருந்தது. ஏமாந்து போனேன்.

பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். ஆபீஸ் காகிதம் ஒவ்வொன்றையும் நாலு தடவை படிப்பார். கமா விட்டுப்போனால் அன்றிரவு தூக்கம் போச்சு. இவ்வளவு பயத்துக்கும் நடுவே ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தலைக்கனம் உண்டு. விசாரணை நடக்கும்போது தமிழில் குறிப்பு எடுக்க மாட்டார். காது தமிழில் கேட்கும், கை நேரே ஆங்கிலத்தில் அடிக்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு பெருமையையாவது அனுபவிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

எங்கள் நீராவிக் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவனை எல்லோரும் விசில் என்று கூப்பிடுவோம். கொதிகலன் சீட்டியடித்தால் பதிலுக்கு இவனும் அடிப்பான். விரிப்புகளை இஸ்திரி போடுகிற பெரிய உருளைகளை நாங்கள் ரோலர் என்போம். அவற்றுக்கு நீராவி திறந்து விடுவதும் அடைப்பதும் விசில்தான். ஒருநாள் காலையில் இரண்டாம் ரோலரின் குழாய் பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. பதினைந்து நாள் கட்டுப் போட்டிருந்தாள் பாவம்.

குழாய் கசிகிறது, ஃபிட்டர் வந்து பார்க்கும்வரை இரண்டாம் ரோலருக்கு நீராவி விடாதே என்று காலையிலேயே விசிலிடம் சொன்னதாக சூப்பர்வைசர் சொன்னார். தன்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான் விசில். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு இயந்திரமும் ஒன்றாக ஓடும்போது நம் காதுக்குள் யாராவது கத்தினாலும் கேட்காது. சொல்லியும் இருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் விசாரணை வைத்தார்கள்.

துணைக்கு ஒரு தொழிலாளியை அழைத்துக்கொண்டு வரலாம் என்பது விதி. விசில் யாரையும் அழைக்கவில்லை. “அங்கதான் அக்கா இருக்காங்களே, எழுதறதுக்கு. எனக்கு வேற யாரு வேணும்?” என்றான்.

விசாரணைக்கு முன்னால் மாடிப்படியில் அண்ணியைப் பிடித்தான்.

“அக்கா, உள்ள போய் என்ன சொல்லணும்?”

“நடந்ததை நடந்தபடி சொல்லு தம்பி.”

“அவரு சொல்லவே இல்லக்கா. பச்சைப் பொய்!”

அண்ணி பதறிவிட்டார். “ஐயோ, பொய்னு எல்லாம் அங்க போய் வாயைத் திறக்காத. அவரைப் பொய்யன்னு சொன்னதா ஆயிடும். அதுக்கு வேற தனியா விசாரணை வைப்பாங்க. ‘அதை நான் மறுக்கிறேன்’னு மரியாதையா சொல்லு.”

“மறுக்கிறேன்,” என்று சொல்லிப் பார்த்தான் விசில். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டவன் மாதிரி அந்தச் சொல்லோடு படியேறிப் போனான்.

உள்ளே மேனேஜர் கேட்டார்: “திறக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொன்னாராமே. என்னப்பா சொல்ற?”

“அதை நான் மறுக்கிறேன் சார்.”

அண்ணியின் விரல் அடித்தது. இடப்பக்கம் மறுத்தல், வலப்பக்கம் ரெஃப்யூஸ். சூப்பர்வைசரின் உத்தரவை ஆபரேட்டர் ரெஃப்யூஸ்ட் என்று ஒரே வரி. முடிந்ததும் விதிப்படி தமிழில் சொல்லிக் காட்டினார். “சூப்பர்வைசர் சொன்னதை நீ மறுத்ததா எழுதியிருக்கேன். சரிதானே தம்பி?”

“சரிதான் அக்கா.”

விசில் கையெழுத்துப் போட்டான். மேனேஜரும் போட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் தமிழில் யோசித்துக்கொண்டே ஆங்கிலம் படிக்கிறவர். அவர் கண்ணுக்கும் அந்த வரி சரியாகத்தான் பட்டிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேனேஜர் அதை அண்ணியின் மேசையில் வைத்து, “இதைத் தமிழ்ல எழுதி அவன்கிட்ட கொடுத்துடுங்க. வெள்ளிக்கிழமையோட அவனுக்கு வேலை இல்ல. வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள்ள நாம ஏதாவது சொல்றதுன்னா சொல்லலாமாம். சொல்ல என்ன இருக்கு?” என்றார்.

அண்ணி மொழிபெயர்க்க உட்கார்ந்தார். முதல் வரி சுலபமாக வந்தது. இரண்டாவது வரியை எழுதினார்: ‘அந்த உத்தரவு தமக்குக் கொடுக்கப்பட்டதை ஆபரேட்டர் மறுக்கவில்லை.’ இதென்ன அநியாயம், அவன்தான் மறுத்தானே என்று தோன்றியது. சரி, எழுதுவோம் என்று மூன்றாவது வரி: ‘அந்த உத்தரவை மறுத்ததாக அவரே கையெழுத்திட்டிருக்கிறார்.’

மறுக்கவில்லை. மறுத்தார். அடுத்தடுத்த வரி.

பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே என்று ஆங்கிலத்தைத் திரும்பப் பார்த்தார். அங்கே பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. இரண்டு வெவ்வேறு சொற்கள் இருந்தன. இரண்டாவது வரியில் டினை. மூன்றாவது வரியில் ரெஃப்யூஸ். இரண்டையும் அண்ணிக்குத் தெரியும். லீவு கிடைக்காவிட்டால் டினைட் என்று எழுதுவார்கள், அதனால் நோட்டில் ‘அனுமதி தராமை’க்குப் பக்கத்தில் டினை இருந்தது. மற்ற எல்லா மறுப்புக்கும் ரெஃப்யூஸ்தான். இரண்டும் ஒரே ஆள், இரண்டு சட்டை என்று நினைத்திருந்தார். ஆபீஸ் அகராதியை எடுத்துப் புரட்டினார். பிறகு விசாரணைக் குறிப்பின் நகலை எடுத்துப் பார்த்தார். அங்கே, அவர் கையாலேயே அடித்த வரியில், ரெஃப்யூஸ்ட் என்று இருந்தது.

கீழே இருந்து எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எழுந்தார், உட்கார்ந்தார். எழுந்தார், உட்கார்ந்தார். மூட்டு வலியோ என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிடவும் இறங்கி வரவில்லை.

அன்று மாலை டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது. அண்ணன் மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கை அவருக்கு அந்த அளவு கற்றுக்கொடுத்திருந்தது. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

“அண்ணி, யார் செத்தாங்க?”

அவர் நோட்டையும் கடிதத்தையும் என் முன்னால் வைத்தார். மறுக்கவில்லை, மறுத்தார், டினை, ரெஃப்யூஸ் என்று என்னென்னமோ சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் சீட்டில் எழுதுகிற ஆஸ்பத்திரிப் பெயர்களோடு முடிந்துவிடும்.

“எனக்கு இந்த இங்கிலீஷ் எல்லாம் வேண்டாம். உள்ள விசில் என்ன சொன்னான்? ‘இல்ல’ன்னானா, ‘மாட்டேன்’னானா?”

“இல்லன்னுதான்... அவரு சொல்லவே இல்லன்னுதான்.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“மாட்டேன்னு,” என்றார். “அவரு சொன்னாரு, நான் மாட்டேன்னுட்டேன்னு. அவனே சொன்ன மாதிரி எழுதிட்டேன்.”

பிறகு அழுதார். நான் அவரை அதுவரை இரண்டே முறைதான் அழுது பார்த்திருக்கிறேன். இரண்டுமே சாவு வீட்டில். “அவன் பொய்னு சொல்றேன்னான். பொய்னே சொல்லியிருந்தா பொய்னே எழுதியிருப்பேன். அந்த மறுக்கிறேனை அவன் வாயில போட்டதே நான்தான். படிச்சு வேற காட்டினேன். ‘மறுத்தே, சரியா’ன்னு கேட்டேன். தமிழ்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு!”

என்ன சொல்லித் தேற்றுவது? எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணி மேல் அல்ல. அவரை டிக்‌ஷனரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே நோட்டைத் தாண்டிப் பார்க்க விடாமல் செய்த எங்கள் எல்லோர் மேலும். பேச்சில் இல்லை என்றால் இல்லை, மாட்டேன் என்றால் மாட்டேன். பால் குடிக்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். மரியாதை, மரியாதை என்று போய் இரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிட்டோம்.

“தப்புன்னு எழுதிடுங்க அண்ணி.”

“எழுதினா என் வேலை போயிடும்.”

“எழுதலைன்னா?”

“அவன் வேலை போயிடும்,” என்றார்.

புதன்கிழமை காலை மாடிப்படியில் விசில் எதிரே வந்தான். “லெட்டர் வந்துடுச்சாமே அக்கா? நல்லபடியா வந்திருக்கா?”

“எழுதிட்டிருக்கேன் தம்பி,” என்றார் அண்ணி, தலையைத் தூக்காமல்.

“நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனான். அண்ணி படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

மேனேஜரிடம் போனார். மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம். அவர் முகம் வெளுத்துப்போனதாம். “அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். நானும் போட்டிருக்கேன். இப்ப அது தப்புன்னா, படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு ஆகும். அடுத்த தடவை பார்த்து எழுதுங்க. இதை இப்படியே விட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியாரும் மருமகளும் சேர்ந்து உடைத்த குடத்தை, குழாயடியில் நின்றிருந்த விசில் தலையில் போட்டாயிற்று.

அன்று சாயந்திரம் அண்ணி ஆபீஸ் அகராதியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, காகிதத்தை விரித்து, தலைமை அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தார். நான் கீரை ஆய்கிற சாக்கில் எதிரே உட்கார்ந்தேன்.

ஒரு சொல்லால் சூடு கண்டவருக்கு எல்லாச் சொல்லும் அடுப்பாகத் தெரிந்தது. என் குறிப்பை நான் ரெஃப்யூட் செய்கிறேன் என்று எழுதினார். அகராதியைப் பார்த்தார். “ஆதாரம் காட்டிப் பொய்னு நிரூபிக்கறதுக்குத்தான் இதாம். என்கிட்ட என்ன ஆதாரம்? தமிழ்ல ஒரு வரி குறிப்புகூட இல்லையே.” அடித்தார். டிஸ்ப்யூட் என்று எழுதினார். “இது சரியான்னு கேள்வி கேக்கறதாம். எனக்குக் கேள்வியே இல்ல, தப்புன்னு தெரியும்.” அடித்தார். ரிஜெக்ட். “வேண்டாம்னு தள்ளறது. தள்ள நான் யாரு?” ஆப்ஜெக்ட். டிஸ்அக்ரீ. “கருத்து ஒத்துப்போகலைன்னா டிஸ்அக்ரீ. இது கருத்தா?” ஒவ்வொன்றும் ஒரு கதவாக இருந்தது, ஒன்றும் அவர் வீட்டுக் கதவாக இல்லை. வேர்த்துக் கொட்டியது. தமிழில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே மறுப்பை வைத்துக்கொண்டு நாம் எப்படிச் சண்டை போட்டோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அண்ணி, ரெஃப்யூஸையும் டினையையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கறதாம்? அதுல போட்டிருக்கா?”

அவர் உதாரணங்களை விரலால் தடவித் தடவிப் படித்தார். “ரெஃப்யூஸுக்குப் பின்னாடி செய்யப்போறது வருது. டினைக்குப் பின்னாடி நடந்து முடிஞ்சது வருது.”

“அப்ப மாட்டேன்னா நாளைக்கு. இல்லன்னா நேத்து. அவ்வளவுதானே?”

அண்ணி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அந்த நோட்டுக்கு முன்னாடியே நீ எனக்கு நாத்தனாரா வந்திருக்கலாம்,” என்றார். அந்த மூன்று நாளில் அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது.

பிறகு எழுதியது ஐந்தே வரி. ஆபரேட்டர் உத்தரவை ரெஃப்யூஸ் செய்ததாக நான் எழுதியது தவறு. உத்தரவு தமக்குச் சொல்லப்பட்டதை அவர் டினை செய்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தமிழில் சொல்லிக் காட்டியபோது இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவரால் தவறைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தவறு என்னுடையது. எழுதி முடித்து அந்த ஐந்து வரியை எத்தனை தடவை படித்தார் என்று நான் எண்ணவில்லை. ஒரு கட்டு கீரை ஆய்ந்து முடித்து, அடுத்த கட்டையும் பிரித்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்புகிறேன் என்றார். பன்னிரண்டாயிற்று. இரண்டாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கணினித் திரையைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் ஒரு வண்டிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மாடிக்குப் போனேன்.

“இன்னும் அனுப்பலையா?”

“இதுல ஏதாவது தப்பு இருந்துட்டா? டினைக்குப் பதிலா வேற எதுவோ வரணுமோ என்னமோ. அந்த நோட்டை நம்பி பதினொரு வருஷம் எழுதியிருக்கேன். இதுக்கு முன்னாடி எத்தனை பேர் ‘இல்ல’ன்னதை ‘மாட்டேன்’னு அனுப்பினேனோ!” நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். “நீ பக்கத்துல நில்லு.”

நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைதான் அப்படி முகத்தைச் சுளிக்கும்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேனேஜருக்கும் நகல் போயிருக்கிறது போல, கதவைத் திறந்துகொண்டு வந்தார். “என்னம்மா பண்ணியிருக்கீங்க! உடனே இன்னொரு மெயில் போடுங்க. அவசரத்துல தப்பா அனுப்பிட்டேன், அதை எடுத்துக்க வேண்டாம்னு போடுங்க.”

“மாட்டேன் சார்.”

மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சீட்டைப் பார்த்தேன்.

அடுத்து அண்ணி செய்ததுதான் எனக்கு மெயிலைவிடப் பெரிய காரியமாகப் பட்டது. கீழே இறங்கிப் போய், ரோலருக்குப் பக்கத்தில் நின்று, விசிலிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்பைக் கத்திக் கேட்பது எவ்வளவு கொடுமை. விசில் கந்தல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். நல்லவன்தான், ஆனாலும் மனுஷன். அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக அம்மா.

“ஏன்க்கா, நான் பேசற மாதிரியே என்னைப் பேச விட்டிருக்கலாமில்ல?” என்றான். வால்வுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று முழுக்கக் கொதிகலன் மட்டும்தான் சீட்டியடித்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விசில் தன் அலமாரியின் சாவியைக் கொண்டுவந்து அண்ணியின் மேசையில் வைத்தான். அண்ணி அதைத் தொடவில்லை. நாலரைக்குப் பதில் வந்தது. வேலை நீக்கம் நிறுத்தி வைக்கப்படுகிறது, மறுவிசாரணை நடத்தவும். அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. தவறான குறிப்பு எழுதிய அலுவலர் மீது தனி விசாரணை.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணி அந்தக் கீழ்ப்பத்தியைப் பற்றி விசிலிடம் மூச்சுவிடவில்லை.

விசிலின் மறுவிசாரணையில் அவன், “இல்ல சார், என்கிட்ட யாரும் சொல்லல,” என்றான். மரியாதை கொஞ்சம் குறைவுதான். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. அதற்கு மறுவாரம் அண்ணியின் முறை. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எச்சரிக்கை கொடுத்து, ஒரு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் போகும்போது அது எங்களுக்குத் தெரியாது. வேலை போகும் என்று நினைத்துத்தான் போனோம். அண்ணி காலையிலேயே தன் மேசை இழுப்பறையைக் காலி செய்து பையில் போட்டுவிட்டார்.

துணைக்கு என்னை அழைத்துக்கொண்டார். விசாரிக்க இன்னொரு கிளையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். எழுத ஆள் வேண்டுமே. எழுதுகிற ஆள்தான் குற்றவாளி. ஆகவே மேனேஜரே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டத் தயாரானார். ஜன்னலுக்குக் கீழே விசில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தான். கண்ணாடி வழியாகச் சத்தம் வராது, உதடு குவிந்திருப்பது மட்டும் தெரிந்தது.

“விசாரணைக் குறிப்புல தவறான சொல்லை எழுதினது நீங்கதான்னு குற்றச்சாட்டு. என்ன சொல்றீங்க?”

“ஒத்துக்கிறேன் மேடம்.”

மேனேஜர் தட்டினார். ஒவ்வொரு எழுத்தும் ஆணி அடிக்கிற மாதிரி விழுந்தது. அந்த அம்மா, “படிச்சுக் காட்டிடுங்க,” என்றார்.

“குற்றச்சாட்டை அவர் ஒத்துக்கொண்டார்னு எழுதியிருக்கேன். சரிதானே?” என்றார் மேனேஜர்.

“சரி சார்,” என்றேன் நான், எழுந்து போய்விடும் அவசரத்தில்.

அண்ணி சரி என்று சொல்லவில்லை. “சார், ஸ்க்ரீனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்.”

திருப்பினார். அண்ணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். குற்றச்சாட்டோடு அவர் அக்ரீட் என்று இருந்ததாம்.

“அக்ரீட் இல்ல சார். அது ஒருத்தர் சொல்ற கருத்தோட ஒத்துப்போறதுக்கு. செஞ்ச தப்பை ஒத்துக்கறதுக்கு அட்மிட்டட்.”

மேனேஜர் அந்த அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்தார். “அக்ரீட்னே இருக்கட்டுமேம்மா. உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்.”

“வேண்டாம் சார். நான் என்ன சொன்னேனோ அது இருக்கட்டும்.”

அவர் அழித்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார். அட்மிட் வரை வந்ததும் விரல் நின்றது. அண்ணியின் கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“டபுள் டி சார்,” என்றார் அண்ணி.